63 மைக்ரானுக்கு வந்த சோதனை
அடையாற்று முகத்துவாரத்தில் முழங்கால் சேற்றில் நின்று அள்ளிய மண்ணைக் காயவைத்து, சல்லடை சல்லடையாகச் சலித்து, ஒவ்வொரு தட்டாக எடை போட்டு எழுதிக்கொண்டு வந்தால், அந்த எண்களைப் பதிவு செய்யும் இந்த மென்பொருள், சல்லடைக் கண் அளவான 0.063 மி.மீ. என்பதை 0.06 என்று சுருக்கி வைக்கிறது. மணலுக்கும் வண்டலுக்கும் துகள் அளவில் எல்லையே அந்த 0.063 மி.மீ., அதாவது 63 மைக்ரான்தானே சாமி! காய்கறிக் கணக்கா இது, சில்லறையைத் தள்ளிவிட? அப்புறம், எல்லாத் தட்டு எடையும் கூட்டி மொத்தம் 99.6 சதவீதம் வந்தால் 'பிழை' என்று சிவப்பில் கத்தும். சல்லடைக் கண்ணில் நாலு துகள் சிக்காதா? நூறேதான் வேண்டுமென்றால் நான் என்ன, வீட்டுத் தொட்டியிலிருந்து மண் கொண்டுவரவா? சரி, எதையோ கூட்டிச் சேர்த்துச் சேமிக்கப் போனால், 'நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்'. பதினோரு மாதிரியின் எண்களும் போச்சு. இத்தனைக்கும் கூவத்து மண்ணை இன்னும் தொடவே இல்லை!