கூட்டலா டீச்சர், கழித்தலா டீச்சர்?

தொடக்கப்பள்ளியில் வாக்கியக் கணக்கு நடத்தும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கம்தான். கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் வந்துவிடும். பிள்ளைக்குக் கூட்டத் தெரியும், கடன் வாங்கிக் கழிக்கவும் தெரியும். எதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்லிவிட வேண்டும்.

'வாசிக்க வரலை, அதான் கணக்கு வரலை' என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அது பாதிதான் உண்மை. சரளமாக வாசிக்கிற பிள்ளையும் இதையேதான் கேட்கிறது. வாசிக்காமலே விடை எடுக்க நாம்தானே வழி காட்டுகிறோம்! 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி.

நான்காம் வகுப்பில் இதைக் கொடுத்துப் பாருங்கள்: 'ராணியிடம் 15 மாம்பழங்கள் உள்ளன. இது கமலாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். கமலாவிடம் எத்தனை?' 'அதிகம்' கண்ணில் பட்டதுமே 21 என்று கை தூக்குவார்கள். 'யாரிடம் நிறைய இருக்கு?' என்று மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு, அப்புறம் 'ராணிகிட்டதான்' என்று ஒரு குரல், அதற்கப்புறம் அவசர அவசரமாக அழிரப்பர் தேடல்.

புத்தகமும் இதற்குத் துணை. கழித்தல் பாடத்தின் கடைசியில் வருவதெல்லாம் கழித்தல் கணக்கு. தலைப்பே வழியைச் சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளை மெனக்கெட்டு வாசிக்கும்?

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள், 'கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கேப்டனுக்கு என்ன வயது?' என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு விடை எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் 1983-இல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வந்த கேள்வி, ஒரு பேருந்துக்கு 36 பேர் என்றால் 1,128 ராணுவ வீரர்களுக்கு எத்தனை பேருந்து என்பது. 29 சதவீதம் பேரின் விடை '31, மீதி 12'. (அந்த 12 பேரும் நடந்தே போனார்கள் போல.)

இதையே வகுப்பில் சுற்றுலா வேனாக மாற்றிக் கேட்டேன். 40 பேர், வேனுக்கு 12 பேர். முதலில் எல்லார் நோட்டிலும் '3, மீதி 4'. 'அந்த நாலு பேர்?' என்றதும் சண்டை ஆரம்பித்தது. இன்னொரு வேன் என்றது ஒரு கட்சி. 'சின்னப் பிள்ளைங்களை மடியில வச்சுக்கலாம் டீச்சர், எதுக்கு வீண் செலவு?' என்றது இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் அந்த '3'-க்கும் முழு மதிப்பெண் போடுவேன். விடைக்குறிப்பில் 4 மட்டும்தான் இருக்கும்.

இப்படி ஒரே கணக்குக்கு ஒரு பாடவேளை போய்விடுகிறது. பாடமும் முடிக்க வேண்டும், எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் பதிவும் முடிக்க வேண்டும் என்கிற நெருக்கடியில் 'மொத்தம்', 'மீதி' என்று குறிச்சொல்லைச் சொல்லிவிட்டு நகர்கிற ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி நூல் தயாரிப்பவர்களிடம்தான் கேட்கிறேன். நான்கு செயல்களையும் கலந்து, தலைப்பே இல்லாமல், பாடத்துக்கு ஒரு பக்கமாவது கணக்கு கொடுங்கள். நடுவில் விடையே இல்லாத கணக்கு ஒன்றையும் போடுங்கள்.