பெரிய இன்டர்கூலர் வாங்கும் முன் பம்பரைக் கழற்றிப் பாருங்கள்

டர்போ கார் வைத்திருக்கும் நண்பர்கள் மூன்று பேர் இந்த மாதத்தில் மட்டும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "எந்த இன்டர்கூலர் போடலாம்?" எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; அழுத்தியதில் சூடான அந்தக் காற்றை எஞ்சினுக்குப் போகும் முன் குளிர்விக்கும் பெட்டிதான் இன்டர்கூலர். மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டதும் ஒன்றுதான். இப்போது இருக்கும் இன்டர்கூலர் எத்தனை டிகிரியில் எஞ்சினுக்குக் காற்றை அனுப்புகிறது? ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் மூவருமே வாங்கத் தயாராக இருந்தார்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் அளக்காமல்தான் முதலில் வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடுமே, டர்போவுக்குள் நடப்பதும் அதுதான். வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்கிறது, அதாவது காற்றின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது. டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால் அங்கிருந்து வரும் காற்று சுமார் 125 டிகிரியில் இருக்கும். தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிவிட்டது. அதை இன்டர்கூலர் 50 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி 23 சதவீதம் கூடும். அத்தனை ஆக்சிஜன் அதிகமாக உள்ளே போகிறது. 300 குதிரைத்திறன் எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது இந்த வேலைக்காக வெளியே தள்ள வேண்டிய சூடு கிட்டத்தட்ட 17 கிலோவாட். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் எட்டைச் சேர்த்துப் போட்டதற்குச் சமம். ஒரு அலுமினியப் பெட்டி, முன்னால் வந்து மோதும் காற்றை மட்டும் நம்பி இதைச் செய்கிறது.

போர்ஷே 911 டர்போ 1975-இல் வந்தபோது அதில் இன்டர்கூலரே கிடையாது. 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன். 1978-இல் 3.3 லிட்டராக்கி, கூடவே இன்டர்கூலரையும் வைத்தார்கள், 300 ஆனது. எஞ்சின் பின்னால் இருக்கிற கார் என்பதால் அந்த இன்டர்கூலரை வைக்க இடம் தேடி, பின்பக்க ஸ்பாய்லருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஸ்டைலாகத் தெரிந்தது. உண்மையில் அது இன்டர்கூலருக்குப் போட்ட கூரை.

சரி, என் காருக்கு வருகிறேன். 2 லிட்டர் டர்போ. எந்த கார் என்று சொல்லமாட்டேன், சொன்னால் பேச்சு முழுக்க அந்த பிராண்டைப் பற்றித் திரும்பிவிடும். ட்ராக்கில் முதல் சுற்றில் பறக்கும். மூன்றாவது சுற்றில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வந்துவிடக் கூடாதே என்று, உள்ளே வரும் காற்று சூடானதும் எஞ்சினின் கணினியான ஈசியூ, இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. எஞ்சினைக் காப்பாற்றுகிறது, நியாயம்தான். ஆனால் ஓட்டுகிறவனுக்கு எரிச்சல். காரணம் இன்டர்கூலர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது ஓரளவுக்கு உண்மையும்கூட.

பழையதைப் போல இரண்டு மடங்கு தடிமனான ஒன்றை வாங்கி மாட்டினேன். கிரில் வழியாக வெள்ளி நிறத்தில் பளபளவென்று தெரிந்தது. அதற்காகவே நாலு முறை காரைச் சுற்றி வந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முதல் சுற்று அருமை. அப்புறம் ஐந்தாவது சுற்றில் அதே இழுவை. கூடுதலாக இன்னொன்று: முன்பு நகராத, எஞ்சின் சூட்டைக் காட்டும் கூலன்ட் முள்ளும் மேலே ஏறத் தொடங்கியது.

அன்றைக்குத்தான் காரின் சென்சார் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி அடாப்டர் ஒன்றைச் செருகி, மொபைலில் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பதிவு செய்தேன். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. வெளியே 33 டிகிரி. ஐந்தாவது சுற்று முடிவில் 64. பழைய கோரில் (இன்டர்கூலரில் காற்றைக் குளிர்விக்கும் நடுப்பகுதி) எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட என்னிடம் எண்ணே இல்லை.

மறுநாள் பம்பரைக் கழற்றினேன். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். கிரில்லுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில், கம்பெனி கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று இருக்கும். கிரில்லில் நுழைந்த காற்று பக்கவாட்டில் நழுவாமல் கோருக்குள்ளேயே போவதற்கான குழல் அது. என் காரில் இடப்பக்கத் தடுப்பு முன்னொரு தடவை பம்பர் இடித்ததில் உடைந்திருந்தது, நான் கவனிக்கவே இல்லை. வலப்பக்கத் தடுப்பு புதிய தடிமனான கோருக்கு இடிக்கிறது என்று மாட்டிய மெக்கானிக் கழற்றி எறிந்துவிட்டார். கோரின் இரண்டு பக்கமும் நான்கு விரல் போகும் இடைவெளி. கோரின் மேலே உள்ள குறுக்குச் சட்டத்துக்கும் கோருக்கும் நடுவில் இன்னொன்று. ஒரு பூச்சி இறக்கைகூட கோரின் ஃபின்னில் (மெல்லிய உலோக இதழ்) ஒட்டவில்லை, எல்லாம் பக்கத்துச் சட்டங்களில் அப்பியிருந்தன. காற்று எந்த வழியாகப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காற்றுக்கு என்ன தலையெழுத்து, நெருக்கமான ஃபின்களுக்குள் நுழைந்து வர? சுற்றிப் போக வழியிருந்தால் சுற்றித்தான் போகும். கோர் தடிமனாக ஆக ஆக இன்னும் அதிகமாகச் சுற்றிப் போகும். நான் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது அந்தத் தடிமனைத்தான். அதோடு, தடித்த கோரின் பின்பாதிக்குப் போய்ச் சேரும் காற்றும் முன்பாதியிலேயே சூடாகிவிட்ட காற்று. அதனால்தான் தடிமனைக் கூட்டுவதைவிட முகப்பின் அகல உயரத்தைக் கூட்டுவது நல்லது. கூலன்ட் முள் ஏறிய காரணமும் இதில்தான் இருக்கிறது: பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்கு மிஞ்சியது கொஞ்சக் காற்று, அதுவும் சுடுகாற்று.

யாரும் கேட்காத இன்னொரு விஷயம், உள்ளே நடக்கும் அழுத்த இழப்பு. பூஸ்டை அளக்கும் சென்சார் பெரும்பாலும் இன்டர்கூலருக்கு அப்பால்தான் இருக்கும். அங்கே 1 பார் வர வேண்டும் என்றால், கோருக்குள் 0.2 பார் தொலைகிறபோது டர்போ 1.2 பார் அழுத்தியாக வேண்டும். நான் மேலே சொன்ன அதே கணக்கில் 125 டிகிரி சுமார் 139 டிகிரி ஆகிவிடும். குளிர்விக்க மாட்டிய பொருளே சூட்டைக் கூட்டுகிற விசித்திரம். விற்பவர்கள் 'இத்தனை குதிரைத்திறன் தாங்கும்' என்று எழுதுகிறார்கள், இத்தனை காற்றோட்டத்தில் இவ்வளவு அழுத்தம் குறையும் என்று எழுதுகிறவர்கள் குறைவு. எழுதியிருப்பவரிடம் வாங்குங்கள்.

டைனோ, அதாவது காரை நிறுத்திவைத்து அதன் சக்தியை அளக்கும் இயந்திரம் கொடுத்த தாளைக் காட்டி விற்பதும் அப்படித்தான். பானட்டைத் திறந்துவைத்து, முன்னால் ஒரு ஃபேன் வைத்து, பத்து பதினைந்து விநாடி ஓட்டம். பார் அண்ட் பிளேட் என்ற கனமான வகைக் கோர் அந்த நேரத்துக்கு வரும் சூட்டைத் தன் அலுமினியத்திலேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எண் அழகாக வரும். நமக்கு வேண்டியது பத்தாவது நிமிடத்தின் எண். தெருவில் எப்போதாவது ஒருமுறை மட்டும் மிதிக்கிறவருக்கு அந்த கனமான கோர் நல்ல சரக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரால் குளிர்விக்கும் வகையும் இருக்கிறது. 2019-இல் வந்த டொயோட்டா சுப்ராவின் 3 லிட்டர் எஞ்சினில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே அதை வைத்திருக்கிறார்கள். குழாய் நீளம் குறைவு, மிதித்ததும் எஞ்சின் உடனே இழுக்கும். ஆனால் தண்ணீர் வாங்கிய சூட்டை முன்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர் காற்றில்தான் கழிக்க வேண்டும், ஆகவே முன்பக்கத் தடுப்பு அங்கேயும் வேண்டும். இன்டர்கூலர் மேல் தண்ணீர் ஸ்ப்ரே அடிப்பது, எஞ்சினுக்குள் மெத்தனால் தெளிப்பது போன்றவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. வேலை செய்யாது என்பதற்காக இல்லை, தொட்டியை நிரப்ப மனிதன் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்பவே இல்லை, கார் பூஸ்டைக் குறைத்துக்கொண்டது, அடுத்த ஆண்டோடு அந்த மாடலே முடிந்துபோனது.

நான் செய்தது இதுதான். அட்டையில் அளவெடுத்து, 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வெட்டி, இரண்டு பக்கமும் மேலேயும் ரிவெட் அடித்தேன். தகடு கோரைத் தொடும் விளிம்பில் ஃபோம் பட்டை. ரேடியேட்டருக்கென்று கீழே தனியாக ஒரு வாய் விட்டேன். ஹோஸ் மாட்டும் முன் குழாய் முனைகளில் படிந்திருந்த ஆயில் பிசுக்கை பிரேக் கிளீனரால் துடைத்தேன், ஏனென்றால் அந்தப் பிசுக்கோடு எவ்வளவு இறுக்கமாக கிளாம்ப் போட்டாலும் பூஸ்ட் ஏறும்போது ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். எனக்கு ஒருமுறை கழன்றது. 'டப்' என்ற சத்தத்தில் எஞ்சின் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த ட்ராக் நாளிலும் வெளியே அதே 33 டிகிரி. ஐந்தாவது சுற்று முடிவில் 49. கூலன்ட் முள் நடுவிலேயே நின்றது.

ஈசியூவின் அமைப்பை மாற்றி, அதாவது ட்யூன் செய்து பூஸ்டை ஏற்றியவர்களுக்குப் பெரிய கோர் தேவைதான், அதில் சந்தேகம் இல்லை. என் கார் ட்யூன் செய்யாதது. அதனால் ஒரு குறுகுறுப்பு. போன வாரம் ஒரு முழு நாளைச் செலவழித்து, தகடுகளைக் கொஞ்சம் வளைத்து நீட்டி, கம்பெனி கொடுத்த அந்தப் பழைய மெல்லிய கோரை மறுபடியும் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். 34 டிகிரி வெயிலில் ஐந்தாவது சுற்று முடிவில் 55.

வெள்ளிப் பெட்டி இப்போது ஷெட்டில் இருக்கிறது. திரும்ப மாட்டுவதா விற்பதா என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்த ஐந்தாறு டிகிரிக்கு நான் எவ்வளவு கொடுத்தேன் என்பதை மட்டும் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.