ஒப்புதல் கொடுத்தவர்: 'சிஸ்டம்'

மூன்று நாளாக வயிறு எரிகிறது. ஆடிட்டர் தம்பி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அக்கா, போன வருஷம் ஏப்ரல்ல இந்த 18,400 ரிங்கிட் பேமெண்ட்டுக்கு யார் அப்ரூவல் கொடுத்தது?" கணினியைத் திறந்தேன். ஒப்புதல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் 'சிஸ்டம்' என்று இருக்கிறது. எங்கள் ஜாலான் ஈப்போ ஆபீசில் அந்தப் பெயரில் யாரும் பஞ்ச் கார்டு அடிப்பதில்லை.

முன்பெல்லாம் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போனால் பாஸ் கையெழுத்து வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்தார்கள். இன்வாய்ஸ் மின்னஞ்சலில் வரும், மென்பொருளே படிக்கும், பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடும், தொகை வரம்புக்குள் இருந்தால் நேராக பேங்க் ஃபைலுக்குப் போய்விடும். பொய் சொல்லக் கூடாது, மாதக் கடைசியிலும் என்னால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக முடிந்தது. ஆனால் இடையில் யாரோ அந்த 5,000-ஐ 20,000 ஆக்கியிருக்கிறார்கள். யார், என்றைக்கு, யாரைக் கேட்டு? ஒன்றுக்கும் பதில் இல்லை. அதை அமைத்துக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். போன அன்றே அவன் அக்கவுண்டையும் அழித்துவிட்டார்கள். விற்றவர்களுக்குப் போன் போட்டேன். "லாக், அதான் யார் என்ன செஞ்சாங்கன்னு மென்பொருள் எழுதுற பதிவு, முப்பது நாள்தான் வைப்போம்மா, அதுக்கு மேல வேணும்னா பெரிய பிளான் எடுக்கணும்." சரி, இப்போது எடுத்தால் பழையது வருமா? வராதாம்.

எங்களுக்கு மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன். இப்படி வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள்தான் மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட்டும் என்8என்-னும். பவர் ஆட்டோமேட்டில், எப்போது எது ஓடியது என்ற வரலாறு 28 நாள். என்8என்-ஐ சொந்த சர்வரில் போட்டு, அமைப்பை மாற்றாமல் விட்டால் 336 மணி நேரம், அதாவது பதினாலே நாள். பிழை பிடிப்பதற்காக வைக்கும் பதிவு இது, தணிக்கைக்கு வைப்பதல்ல. விற்கிறவர் அதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர் கேட்பதுமில்லை. ஆடிட்டரோ வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார். மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டமும் 2016 நிறுவனச் சட்டமும் கணக்குப் பதிவுகளை ஏழு வருஷம் வைக்கச் சொல்கின்றன. பதினாலு நாள் எங்கே, ஏழு வருஷம் எங்கே!

பாஸிடம் சொன்னால், "மைஇன்வாய்ஸ்ல எல்லாம் இருக்கும்லா" என்கிறார். அது வரி வாரியமான எல்எச்டிஎன்-இன் மின்-இன்வாய்ஸ் தளம். இன்வாய்ஸ் இருக்கும் பாஸ். அதற்குப் பணம் கொடுக்கலாம் என்று நம் ஆபீசில் தலையாட்டியது யார் என்று எல்எச்டிஎன் எழுதி வைக்குமா?

கோபத்தில் ஸ்டோருக்குப் போய் 2018 கட்டு ஒன்றை இழுத்தேன். பத்தே நிமிஷம். வவுச்சர், டெலிவரி ஆர்டர், சாப்பு (முத்திரை), பாஸ் கையெழுத்து, ஓரத்தில் பழைய கிராணி (குமாஸ்தா) அக்காவின் பென்சில் குறிப்பு: 'விலை கூடுதல், போனில் கேட்டேன், சரி என்றார்'. மேலே கோப்பி வட்டம் வேறு. அந்த அக்கா ரிட்டையர் ஆகி வருஷங்கள் ஆகின்றன, அவர் எழுதியது இன்னும் பேசுகிறது. எங்கள் மென்பொருளுக்குப் போன மாதமே ஞாபகம் இல்லை.

இதற்கு ராக்கெட் விஞ்ஞானமும் வேண்டாம். ஒவ்வொரு ஒப்புதலுக்கும் ஒரு வரி: யார், எத்தனை மணிக்கு, எந்த ஆவணத்தைப் பார்த்து, அன்றைக்கு வரம்பு எவ்வளவு. வரம்பை மாற்றினால் பழைய எண், புதிய எண், மாற்றியவர் பெயர். அதை அந்த மென்பொருளுக்கு வெளியே, சேர்க்க மட்டும் முடிகிற இடத்தில் போட வேண்டும். அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3-இல், கோப்பைப் பூட்டி வைக்கும் ஆப்ஜெக்ட் லாக் வசதியைக் கம்ப்ளையன்ஸ் முறையில் வைத்தால், குறித்த காலம் முடியும்வரை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அழிக்க முடியாது. எங்கள் ஏழு வருஷத்து ஒப்புதல் வரிகள் ஒரு பென்டிரைவில் அடங்கும். கோட் எழுதத் தெரியாத எனக்கே இது புரிகிறது.

இப்போது தினமும் சாயங்காலம் ஒப்புதல் திரையை அச்செடுத்து, சாப்பு குத்தி, கையெழுத்துப் போட்டு ஃபைலில் கோக்கிறேன். நேற்று பாஸ் எட்டிப் பார்த்து, "எல்லாம் ஆட்டோமேட் ஆச்சே, ஏம்மா பேப்பரை வேஸ்ட் பண்றே?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. காலையில்தான் ஐந்து ரீம் தாளுக்கு ஆர்டர் போட்டிருந்தேன். ஒப்புதல் கொடுத்தவர்: சிஸ்டம்.