கட்சி முதலில், வேதம் அப்புறம்

காலநிலை மாற்றம் பற்றி யாராவது ஒரு பதிவு போட்டால், பத்து கமெண்ட் தாண்டுவதற்குள் கடவுள் வந்துவிடுகிறார். "படைத்தவனுக்குக் காப்பாற்றத் தெரியாதா?" என்று ஒருவர். "உங்களை மாதிரி மூடநம்பிக்கைக்காரர்களால்தான் பூமி எரிகிறது" என்று இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர் வந்து, "காலநிலை மாற்றமே ஒரு புது மதம்தான், கார்பன் டை ஆக்சைடுதான் அதன் சாத்தான்" என்று ஒரு போடு போடுவார். அதோடு சரி. வெப்பம் எவ்வளவு கூடியிருக்கிறது, கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றெல்லாம் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. மதமா அறிவியலா என்று இரண்டு அணியாக நின்று அடித்துக்கொள்கிறார்கள்.

பல வருடங்களாக இந்தச் சண்டைகளைப் படித்துவருகிறேன். மதத்துக்கும் அறிவியலுக்கும் நடக்கிற சண்டையாக எனக்கு இது தெரியவில்லை. இரண்டு தரப்பும் பேசுவது அரசியல். ஒருவர் வேதத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறார், மற்றவர் அறிவியலைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். தீர்ப்பை எழுதி மடித்து வைத்துக்கொண்டு அப்புறம் சாட்சி தேடுகிற வேலை.

அமெரிக்காவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த விவாதத்தின் பாதி வாசகங்கள் அங்கே தயாராகித்தான் உலகமெங்கும் பரவுகின்றன. 2015 பிப்ரவரியில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற செனட்டர் ஒரு பிளாஸ்டிக் பையோடு செனட் சபைக்குள் வந்தார். பைக்குள் ஒரு பனி உருண்டை. வெளியே எவ்வளவு குளிர் பார்த்தீர்களா என்று காட்டி, அதை அவையிலேயே தூக்கிப் போட்டார். அப்போது சுற்றுச்சூழல் குழுவின் தலைவரே அவர்தான் என்பது கூடுதல் தமாஷ். அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு கிறிஸ்தவ வானொலியில் பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 8:22ஐ எடுத்துக்காட்டியிருந்தார். வெள்ளம் வடிந்த பிறகு, விதைப்பும் அறுப்பும், குளிரும் வெப்பமும் இனி ஒழியாது என்று கடவுள் நோவாவின் காலத்தில் தந்த வாக்கு அது. கடவுள் செய்வதை மனிதன் மாற்றிவிட முடியும் என்று நினைப்பதே ஆணவம் என்பது அவர் வாதம். அவருடைய மாநிலம் ஓக்லஹோமா. எண்ணெயும் எரிவாயுவும்தான் அங்கே பிழைப்பு.

இதைப் பார்த்துவிட்டு "பைபிள் படித்தால் இப்படித்தான்" என்று முடிவு கட்டுபவர்கள் ஜான் ஹாட்டனைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் முதல் மூன்று அறிக்கைகளுக்கு அறிவியல் பிரிவை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர். தீவிரமான கிறிஸ்தவர். இன்றைக்கு டெக்சாஸில் இருக்கும் காலநிலை விஞ்ஞானி கேத்தரின் ஹேஹோவும் அப்படித்தான். மனிதனுக்கு பூமியைக் காக்கும் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது என்று அவர்கள் படிப்பதும் அதே ஆதியாகமம்தான். வசனம்தான் காரணம் என்றால் மூவரும் ஒரே இடத்துக்கல்லவா வந்து சேர்ந்திருக்க வேண்டும்?

எதிர்முனையிலிருந்தும் ஓர் ஆளைச் சொல்லலாம். கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சுகின்றன என்று 1859இல் ஆய்வகத்தில் அளந்து காட்டியவர் ஜான் டிண்டால். (அந்த வாயு நிரப்பிய குழாய் வெயிலில் அதிகம் சூடாவதை அதற்கு மூன்று வருடம் முன்பே யூனிஸ் ஃபூட் என்ற பெண் பார்த்து எழுதியிருந்தார். வெகுகாலம் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.) டிண்டால் 1874இல் பெல்ஃபாஸ்ட்டில் ஆற்றிய உரையில், பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசும் உரிமையை இறையியலிடமிருந்து பிடுங்கப்போகிறோம் என்கிற அளவுக்குப் பேசி, தேவாலயங்களின் கோபத்தை மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். டிண்டாலுக்கும் ஹாட்டனுக்கும் கடவுள் விஷயத்தில் ஏழாம் பொருத்தம். வாயு விஷயத்தில் ஒரே பதில்.

அப்படியானால் எப்போது இது கட்சிச் சண்டையானது? ஆரம்பத்தில் இல்லை. 1989இல் ஐ.நா. பொதுச்சபையில் புவி வெப்பமாவதைப் பற்றி உரக்க எச்சரித்தவர் அப்போதைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர். சுத்த வலதுசாரி, படித்தது வேதியியல். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970இல் உருவானது வலதுசாரிக் குடியரசுக் கட்சியின் அதிபர் நிக்சன் ஆட்சியில். 1992இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் அதே கட்சியின் அதிபர் மூத்த புஷ். 2008 அதிபர் தேர்தலில்கூட குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் கார்பன் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஓட்டு கேட்டார். அதற்கப்புறம் கொஞ்ச காலத்திலேயே அதே கட்சியில் அதைச் சொன்னால் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்கிற நிலை வந்துவிட்டது. இந்த இருபது வருடத்தில் ஆதியாகமத்தில் ஒரு வசனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாட்சரே பின்னாளில் சுருதி மாறினார். உலகளாவிய சோஷலிசத்துக்கு இது நல்ல சாக்காகிவிட்டது என்று எழுதினார். வாயுவின் குணம் பற்றிப் புதிதாக எதையும் கண்டுபிடித்து அவர் மாறவில்லை. தீர்வாக முன்வைக்கப்பட்டவை எதிர் அணியின் தீர்வுகளாகத் தெரிந்தன. அதுதான் உறுத்தியது.

என் பார்வையில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தீர்வு பிடிக்காதவர்கள் பிரச்சினையே இல்லை என்கிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. அரசுக் கட்டுப்பாடுதான் தீர்வு என்று சொன்னபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் கொஞ்சம் பேர்தான் வெப்பநிலைக் கணிப்பை ஏற்றார்கள். சந்தையும் புதுத் தொழில்நுட்பமும் தீர்வு என்று சொன்னபோது ஏற்றவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். காட்டப்பட்ட அறிவியல் இரண்டு முறையும் ஒன்றுதான்.

மதத் தலைவர் சொன்னாலாவது கேட்பார்களா என்றால், அதற்கும் சோதனை நடந்துவிட்டது. 2015இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு நீண்ட சுற்றுமடல் எழுதினார். மனிதச் செயல்தான் முக்கியக் காரணம் என்று அதில் தெளிவாகவே இருந்தது. கத்தோலிக்கரான ஜெப் புஷ் அப்போது குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகும் போட்டியில் இருந்தார். பொருளாதாரக் கொள்கையை நான் என் ஆயர்களிடமிருந்தோ போப்பிடமிருந்தோ வாங்கிக்கொள்வதில்லை என்றார். வேறு பல விஷயங்களில் திருச்சபையின் போதனையை முன்னிறுத்தும் அரசியல் முகாமிலிருந்து வந்த பதில் இது! மடல் வந்த பிறகு நடத்திய கருத்தாய்வில், பழமைவாதக் கத்தோலிக்கர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. காலநிலை விஷயத்தில் போப்பின் மீதிருந்த நம்பிக்கையைத்தான் குறைத்துக்கொண்டார்கள்.

காலநிலை மாற்றத்தை ஏற்கிற பக்கம் மட்டும் யோக்கியமா? கருக்கலைப்பு பற்றி போப் பேசினால் "மதத்தை அரசியலில் கலக்காதே" என்று கத்துகிறவர்கள், அந்த மடலின் பத்திகளை அழகான படத்தோடு பகிர்ந்துகொண்டிருந்தார்கள். போப்பின் வார்த்தைக்கு எடை உண்டு என்றால் இரண்டிலும் உண்டு, இல்லை என்றால் இரண்டிலும் இல்லை. வசதிப்படும்போது மட்டும் எடை போடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2015இலும் 2022இலும் மதத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. பக்தி அதிகமுள்ளவர்களிடம் காலநிலை பற்றிய கவலை குறைவு என்பது எண்களில் இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், ஒருவர் எந்த மதம் என்பதைவிட எந்தக் கட்சி என்பதுதான் அவர் பதிலை அதிகம் தீர்மானிக்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்வது நமக்கு எவ்வளவு சௌகரியம், பாருங்கள்.

"எல்லாம் படிப்பறிவு இல்லாததால் வருவது, நன்றாக விளக்கினால் புரிந்துகொள்வார்கள்" என்று நம்புகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் அவர் குழுவும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சின்ன அட்டவணையைக் கொடுத்தார்கள். தோல் தடிப்புக்கு ஒரு புதுக் களிம்பு என்று ஒரு கற்பனைக் கணக்கு. பூசியவர்களில் 223 பேருக்குக் குணம், 75 பேருக்கு மோசம். பூசாதவர்களில் 107 பேருக்குக் குணம், 21 பேருக்கு மோசம். களிம்பு பலன் தருகிறதா? 223ஐப் பார்த்ததும் ஆமாம் என்று வாய் வந்துவிடும். வகுத்துப் பாருங்கள். பூசியவர்களில் நாலில் ஒருவருக்கு மோசமாகியிருக்கிறது, பூசாதவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான். களிம்பைத் தொடாமல் இருப்பதே மேல். கணக்கு நன்றாக வருகிறவர்கள் இதைச் சரியாகச் சொன்னார்கள்.

அப்புறம் அதே எண்களை வைத்து, களிம்புக்குப் பதில் துப்பாக்கித் தடைச் சட்டம் என்று தலைப்பை மாற்றினார்கள். தடை போட்ட நகரங்கள், போடாத நகரங்கள், குற்றம் கூடியதா குறைந்ததா. இப்போது கணக்குப் புலிகளே தடுமாறினார்கள். சரியான விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் வகுத்துப் பார்த்தார்கள். பாதகமாக இருந்தால் முதலில் கண்ணில் பட்ட பெரிய எண்ணோடு நின்றுவிட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களிடம்தான் கட்சி இடைவெளி அதிகம் என்றது அந்த ஆய்வு. இந்தக் கடைசி விஷயம், பின்னால் சுவீடனில் திரும்பச் செய்து பார்த்தபோது உறுதியாகவில்லை. பக்கச்சார்பு மட்டும் அங்கேயும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், எனக்குச் சாதகமான பாதியை மட்டும் பகிர்ந்தவனாகிவிடுவேன்.

இதே வகையில் ஒரு கேள்வித்தாள் விஷயமும் உண்டு. மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து உருவானவர்கள், சரியா தவறா என்று 2012இல் அமெரிக்கர்களிடம் கேட்டபோது 48 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். "பரிணாமக் கோட்பாட்டின்படி" என்று முன்னால் சேர்த்துக் கேட்டதும் 72 சதவீதம் ஆனது. கோட்பாடு என்ன சொல்கிறது என்று பலருக்கும் தெரிந்தே இருக்கிறது. முதல் கேள்வி அவர்கள் காதில் "நீ யார் ஆள்?" என்று விழுந்திருக்கிறது. அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். காலநிலை பற்றிய கமெண்ட்களில் பாதி இந்த ரகம். நீங்கள் தரவு கேட்கிறீர்கள், அவர் உறுப்பினர் அட்டையைக் காட்டுகிறார்.

இனி நான் இருக்கும் அணியைப் பற்றி. மனிதனால்தான் பூமி சூடாகிறது என்று ஏற்றுக்கொண்டவர்களின் அணி. 2018இல் ஐபிசிசி ஓர் அறிக்கை வெளியிட்டது. வெப்ப உயர்வை 1.5 டிகிரியோடு நிறுத்த வேண்டுமென்றால், 2030க்குள் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2010இல் இருந்ததைவிட ஏறக்குறைய 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகர பூஜ்யம் (வெளியேற்றுவதும் திரும்ப அகற்றுவதும் சமம்) ஆக வேண்டும் என்றது. சமூக ஊடகத்தில் இது "உலகம் அழிய இன்னும் 12 வருடம்" ஆனது. அறிக்கையில் அப்படி ஒரு வரி கிடையாது. இதைச் சொன்னால் "எண்ணெய் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நாள் குறித்து உலக முடிவை அறிவிப்பவர்களை வேறு இடத்தில் பார்த்தால் கேலி செய்வோம்.

அணுமின்சாரம் இன்னொன்று. ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் என்று முழு ஆயுளுக்கும் கணக்கிட்டால் அணு உலையும் காற்றாலையும் கிட்டத்தட்ட சமம். இது ஐபிசிசியே தொகுத்த கணக்கு. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் மூடியபோது அங்கே நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. செலவு அதிகம், கழிவை எங்கே வைப்பது என்று கேட்டு எதிர்த்தால் அது நியாயமான விவாதம். ஆனால் "ஐபிசிசி சொல்வதைக் கேள்" என்று மற்றவர் முகத்தில் அறிக்கையை வீசுகிறவர், அணுமின்சாரம் என்று வந்ததும் அதை மூடி வைத்துவிடுகிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

உடனே "அப்போ ரெண்டு பக்கமும் ஒன்றுதானே, உண்மை நடுவில் இருக்கிறது" என்று கிளம்பாதீர்கள். எனக்கு எரிச்சல் வருவதே இந்த நடுநிலைப் பேச்சில்தான். மனசு வளைகிற விதம் இரண்டு பக்கமும் ஒன்று. பௌதிகம் அப்படி இல்லை. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணம் என்றால் மேலடுக்கு வளிமண்டலமும் சேர்ந்து சூடாக வேண்டும். கீழே சூடாகிறது, மேலே அடுக்கு மண்டலம் குளிர்கிறது. பசுமைக்குடில் வாயுக்கள் கூடும்போது எதிர்பார்க்கப்படுவது இதுதான். மனிதச் செல்வாக்கு ஐயத்துக்கு இடமற்றது என்று 2021இல் ஐபிசிசி எழுதியதற்கு இப்படிப்பட்ட பல சாட்சிகள் இருக்கின்றன. நம் அணியில் சிலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பதால் இதில் ஒரு எண்கூட மாறாது.

நம்பிக்கையாளர்களைப் பொதுவாக முட்டாள்கள் என்று திட்டுவதால் இந்த எண்களுக்கு ஒரு புது வாசகரும் கிடைப்பதில்லை. சுற்றுச்சூழலைக் கெடுப்பது பாவம் என்று கிழக்கு மரபுவழிச் சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு 1997லேயே சொல்லிவிட்டார். 2015இல் இஸ்லாமிய அறிஞர்கள் இஸ்தான்புல்லில் கூடி, புதைபடிவ எரிபொருளிலிருந்து வெளியேறச் சொல்லிப் பிரகடனமே வெளியிட்டார்கள். அணியில் சேர வந்தவர்களை வாசலிலேயே அடித்துத் துரத்துகிற வேலையை நாத்திகத் தோழர்கள் சிலர் சிரத்தையாகச் செய்கிறார்கள். ஒரு விசுவாசியிடம் கடவுள் இல்லை என்று முதலில் ஒப்புக்கொள், அப்புறம் கார்பன் பற்றிப் பேசலாம் என்றால், அவர் ஏன் பேச வேண்டும்?

இந்தப் பதிவின் கீழும் "முதலில் நீ எந்தப் பக்கம் என்று சொல்" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். பூமி சூடாவது நம்மால்தான். நிலக்கரி நிலையங்களை மூடிவிட்டு அப்புறம் அணு உலையைப் பற்றிச் சண்டை போடலாம். கார்பனுக்கு விலை வைப்பது, அதாவது உமிழ்பவரிடம் காசு வாங்குவது, நல்ல யோசனை, அதைச் சொல்வது வலதா இடதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கடவுள் விஷயம் என் சொந்த விஷயம், இங்கே எழுதப் போவதில்லை. இதை வைத்து என்னை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எண்களில் தப்பு இருந்தால் மட்டும் கமெண்டில் சொல்லுங்கள், அதற்குக் கட்டாயம் பதில் எழுதுவேன்.