2021 உத்தரவு: அது யாருடைய வழக்கு?

சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாதுகாப்பு தந்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, ஒரு நீதிபதி தாமாக முன்வந்து கொடுத்தது, அவர்கள் எதற்கும் போராடவில்லை.' இது தவறு.

வழக்கைத் தொடுத்தவர்கள் ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள். பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். 'மகளைக் காணவில்லை' என்று புகார்கள் பதிவாகி, போலீஸ் விசாரணையும் தொடங்கவே, பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2021ஆம் ஆண்டின் ரிட் மனு எண் 7284 அவர்களுடையது.

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் பங்கு சிறியதல்ல. தமக்கு இதில் முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக எழுதி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். பாலீர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை, போலீஸ் தொல்லைக்குக் கடிவாளம் எல்லாம் அதில்தான் வந்தன. அந்த நாற்காலியில் இருப்பவர் இப்படி எழுதுவது அபூர்வம், தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் அச்சமூகத்தினரோடு பேசித்தான் தெளிந்ததாக அவரே குறிப்பிடுகிறார். விளங்க வைத்தவர்களைக் குரு என்கிறார். அவரே எடுத்துக்கொள்ளாத பெருமையை அவர் தலையில் கட்டுவானேன்?

உயர் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்து உத்தரவைப் பார்க்கலாம். நீளமானதுதான், நீதிபதி தம்மைப் பற்றி எழுதிய பகுதியையாவது படியுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே குழுவில் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.