"இல்லைங்க"ன்னா எந்த இல்லை?

மறுபடியும் அதே பதில். "அந்தப் பதிவேடு இல்லைங்க."

தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ரெண்டு பஸ் மாறி, தாத்தா காலத்து நிலப் பதிவைத் தேடி ரெக்கார்டு ரூமுக்கு வந்த பெரியவருக்கு இவ்வளவுதான். எந்த இல்லை? இங்க வரவே இல்லையா? பைண்டிங்குக்குப் போயிருக்கா? வேற செக்‌ஷன்காரங்க வாங்கிட்டுப் போய்த் திருப்பலையா? கரையான் தின்னுடுச்சா? பைண்டிங்னா அடுத்த மாசம் வரலாம். வரவே இல்லைன்னா சேலத்துல தேடணும். கரையான்னா வேற எங்கயாவது நகல் இருக்கான்னு பாக்கணும். அவர் எந்த பஸ்ல ஏறுவார்?

ஜன்னல்ல கேட்டா, ரெக்கார்டு கிளார்க்கைக் கேளுங்கன்னாங்க. அவர் ரேக்கைக் காட்டினார். 213-ஆம் கட்டு இருக்கு, 215 இருக்கு, நடுவுல ஒரு சாண் வெறும் இடம். 214-ஐ எடுத்தது யார்னு தெரிஞ்ச ஒரே ஆள் போன வருஷமே மாறுதல்ல போயாச்சு!

அந்த இடத்துல ஒரு தடிமனான அட்டை நின்னிருந்தா போதுமே. கட்டு எண், எடுத்த தேதி, எடுத்தவர், எதுக்கு, எப்ப திரும்பும். அட்டை கட்டுகளைவிட ரெண்டு விரல்கடை வெளிய நீட்டிட்டு நிக்கணும், அப்பதான் ரேக் ஓரத்துல நடக்கும்போதே கண்ணுல படும்.

நம்ம பக்கம் இதுக்குக் கூடுதல் காரணம் இருக்கு. 1965 வரைக்கும் சேலம் ஜில்லா, அப்புறம் தர்மபுரி, 2004-ல கிருஷ்ணகிரி தனி. மாவட்டம் பிரியறப்பல்லாம் கட்டுகளும் இடம் மாறும். ஒப்படைப்புப் பட்டியல் ரெண்டு பிரதி வேணும், பழைய எண்ணுக்குப் பக்கத்துலயே புது எண் வேணும். பழைய எண்ணை மட்டும் கையில வச்சிருக்கிறவருக்குக் கட்டு கண்ணெதிரே இருந்தாலும் தொலைஞ்சதுதான்.

சுவர்ல கரையானோட மண்கோடு ஏறுறதை முதல்ல பாக்கறது பெருக்குற அக்கா. சொன்னா "இத்தனை நாள் என்ன பண்ணினே"ன்னு அவங்க மேலயே பாய்வாங்க. அப்புறம் ஏன் சொல்லப் போறாங்க? மழைக்காலம் முடியறதுக்குள்ள கீழ்த்தட்டு மண்ணாப் போகும். கிழிஞ்ச பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டினவரும் நல்லெண்ணத்துலதான் ஒட்டினார். பசை மஞ்சளாகி தாளுக்குள்ள இறங்கும், பிரிச்சா எழுத்தையும் சேத்து உரிக்கும்னு அவர்கிட்ட யாருமே சொல்லல.

தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(அ), பதிவேடுகளை அட்டவணை போட்டு வைக்கணும்னே சொல்லுது. மனு போட்டா 30 நாளுக்குள்ள பதில் வரணும். வருது. "ஆவணம் கிடைக்கப்பெறவில்லை."

அந்த வராந்தாவுல ஒரு பெஞ்சுகூட இல்ல. எழுபது வயசு மனுஷன் மூணு மணி நேரமா நின்னுட்டே இருந்தார்.