முடிவுக்கு முன்பே முடிவைச் சொன்னவர்கள்

2015 மே மாதம் மார்வெல் காமிக்ஸின் ‘சீக்ரெட் வார்ஸ்’ தொடரின் முதல் இதழைக் கையில் எடுத்தபோது, அதுவரை படித்து ஏமாந்த, பல தொடர்களின் நாயகர்கள் ஒன்றாய்ச் சந்திக்கும் கிராஸ்ஓவர் கதைகள் அத்தனைக்கும் இது ஒன்றே ஈடுகட்டிவிடும் என்று நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

நம்பியதில் தவறும் இல்லை. அண்டங்கள் அழிந்தபின் மிஞ்சிய துண்டுகளை ஒட்டவைத்து ஓர் உலகம் செய்து, அதற்குத் தானே கடவுளாக அமர்ந்துகொள்கிறான் வில்லன் டாக்டர் டூம். பரம எதிரியான ரீட் ரிச்சர்ட்ஸின் மனைவியையும் பிள்ளைகளையும் தன் குடும்பமாக்கிக்கொண்டு, ரீடின் மைத்துனன் ஜானி ஸ்டார்மை வானத்துச் சூரியனாக எரியவிட்டவன், தன் முகத்து வடுவை மட்டும் ஆற்றிக்கொள்ள இயலாமல் முகமூடிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறான். வில்லனை இப்படியல்லவா எழுத வேண்டும் என்று கதாசிரியர் ஜொனாதன் ஹிக்மனைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம்.

எட்டு இதழ்கள் என்று அறிவித்தது ஒன்பதானது, பொறுத்துக்கொண்டோம். இதழ்கள் தாமதமாயின, ஓவியம் நன்றாக இருந்ததால் அதையும் மன்னித்தோம். டசின் கணக்கில் வந்து குவிந்த கிளைத் தொடர்களில் எது தேவை, எது பக்கம் நிரப்ப வந்தது என்று பிரித்தறிவதே தனி வேலையாயிற்று. (பெரும்பாலானவை இரண்டாம் வகைதான்.) ஆனால் மூலக்கதை முடிவதற்குள், அந்த ஆண்டு அக்டோபரிலேயே, எல்லாம் முடிந்து எட்டு மாதங்கள் கடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு புதிய வரிசைகளை இறக்கினார்களே, அதை எப்படி மன்னிப்பது? அயர்ன் மேனின் புதிய முதல் இதழில், முகமூடியும் இல்லாமல் வடுவும் இல்லாமல் டூம் வந்து நிற்கிறான். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் இதழ் 2016 ஜனவரியில்தான் வந்தது. இந்த வல்லமை உன்னிடம் இருந்திருந்தால் என்னைவிட நன்றாகவே செய்திருப்பாய் என்று டூம் தன் வாயாலேயே ரீடிடம் ஒப்புக்கொள்வதும், அதன்பின் ரீட் அவன் முகத்தைக் குணமாக்குவதும் நெஞ்சை அடைக்க வேண்டிய இடங்கள். நானோ மூன்று மாதம் பழைய செய்தியைப் படிப்பவனைப் போல அவற்றைப் புரட்டிக் கடந்தேன்.

சரி, முடிவையாவது மதித்தார்களா? 2018-க்குள் டூம் மறுபடி வடுவோடும் முகமூடியோடும் தன் நாடான லாட்வேரியாவில் இருந்தான். 1984-இல் தொடங்கிய முதல் ‘சீக்ரெட் வார்ஸ்’ தொடரில் பியாண்டர் என்ற அளவற்ற வல்லமை கொண்டவனின் ஆற்றலைத் திருடி இழந்தவன், 2015-இல் கடவுளாகி இழந்தவன், 2025-இல் மீண்டும் உலகம் முழுவதற்கும் பேரரசனாக அறிவித்துக்கொள்கிறான். காமிக்ஸில் வில்லன் திரும்பி வரத்தான் செய்வான் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அவன் வரட்டும். ஒன்பது இதழ் செலவழித்து அவன் வாயிலிருந்து பிடுங்கிய அந்த ஒப்புதல், அடுத்து எழுத வருபவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் அந்தத் தொகுப்பை யாராவது இரவல் கேட்டால், ஒன்பதாம் இதழோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு டூம் என்ன ஆனான் என்று தேடிப் பார்க்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறேன்.